பச்சை ஒண்ணு, மண்ணு கலர் ஒண்ணு: ரெண்டும் ஒரே இனமா?

வணக்கம் மக்களே. வேலூர்லேருந்து அமிர்தி காட்டுக்குப் போற ரோட்டுல, ஒரு நெலத்து வேலி ஓரமா நிக்கிறேன். மணி ஏழு. அந்தக் கிளையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. காத்துல இலை ஆடுற மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே காலை எடுத்து வைக்குதே, பச்சோந்தி! அதுக்குக் கீழ நிழல்ல இன்னொண்ணு. அது மண்ணு கலரு, மேல கருப்புப் புள்ளி.

நெலத்துக்காரப் பெரியவர் இப்பதான் சொன்னாரு, "ரெண்டும் வேற வேற ஜாதி தம்பி. பச்சை சாது. கீழ கீது பாரு, அது வெசம்."

வெசம் ரெண்டுக்குமே கிடையாதுங்க. அந்தப் பயத்துல கல்லெடுத்து அடிக்கிறாங்களே, அதான் எனக்குத் தாங்கல. ரெண்டும் ஒரே இனம், அறிவியல் பேரு கமீலியோ ஜெய்லானிகஸ். 1768லயே லாரன்டிங்கிற விஞ்ஞானி வெச்ச பேரு. குளிரு, வெயிலு, பயம், கோவம், எல்லாத்துக்கும் அதோட நெறம் மாறும்.

அப்ப எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது? காலைப் பாருங்க. ஜூம் பண்றேன். முன்னங்கால்ல உள்பக்கம் மூணு விரல், வெளிப்பக்கம் ரெண்டு, ஒட்டி ஒட்டி இடுக்கி மாதிரி. பின்னங்கால்ல அப்படியே தலைகீழ், உள்ள ரெண்டு, வெளிய மூணு. ஆணா இருந்தா குதிகால்ல சின்னதா ஒரு முள்ளும் இருக்கும். நம்ம ஊர்ல ஓணானையும் பச்சோந்தின்னு சொல்றாங்க, அதுக்கும் கழுத்து செவக்கும்ல. ஆனா ஓணானுக்கு விரல் தனித்தனியா, நீளமா இருக்கும். அது குடும்பமே வேற.

அதுக்காக நெறமே பொய்யின்னு சொல்லிடாதீங்க. மடகாஸ்கர்ல பேந்தர் பச்சோந்தின்னு ஒண்ணு இருக்கு. அதுல ஆணோட நெறம் ஊருக்கு ஊரு வேற. நோசி பே தீவுல நீலம் கலந்த பச்சை, அம்பிலோபே பக்கம் போனா செவப்பும் நீலமுமா பட்டை. எல்லாம் ஒரே இனம்னுதான் வெச்சிருந்தாங்க. 2015ல ஜெனீவா பல்கலைக்கழகத்துக்காரங்க 324 பச்சோந்திகளோட ரத்தத்துலேருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தா, உள்ள 11 தனி இனம் இருக்கலாம்னு வந்துச்சு! அந்த ஆண்களோட நெறத்துல இருக்கிற நுணுக்கத்தை வெச்சே எது எந்தக் கூட்டம்னு பெரும்பாலும் சொல்லவும் முடிஞ்சுது. யோசிச்சுப் பாருங்க, ஒரு உயிர் நேரத்துக்கு நேரம் மாத்துற நெறம் வேற, ஒரு கூட்டமே பரம்பரையா சுமந்துட்டு வர்ற நெறம் வேற. பெரியவர் பார்த்தது முதல் வகை. மடகாஸ்கர்ல பார்த்தது ரெண்டாவது.

யாரும் தொட்டுப் பிடிக்க வேணாம், 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம். தள்ளி நின்னு, கால் தெரியற மாதிரி போட்டோ எடுங்க, போதும்.

ஒரு நிமிஷம்... வெயில் இப்ப கீழ்க்கிளைக்கும் வந்துடுச்சு. அந்த மண்ணு கலர்ல இருந்தது பாருங்க, விலா ஓரமா பச்சை ஏறுது. புள்ளி கரையுது. ஐயா! ஐயா, இங்க கொஞ்சம் வாங்களேன்!