எந்த வான், எந்த வரி?

நேயர்களுக்கு வணக்கம். அகராதியில் ஒரு சொல்லுக்கு மேற்கோள் காட்டுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. இரணைமடு வான் பாயுதாம் என்று ஒரு சொல் காதில் விழுந்தால், கிளிநொச்சியில் கண்டாவளைப் பக்கம் தாழ்வில் வீடுள்ளவர்கள் சாமான் கட்டத் தொடங்கிவிடுவார்கள். குளம் நிரம்பி மிஞ்சின தண்ணீர் வழிகிற இடம் வன்னியில் எங்களுக்கு வான். திருக்குறளிலும் வான் சிறப்பு என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அங்கே வான் என்றால் மழை.

இப்போது விக்சனரியை எடுங்கள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து கிடக்கிற அகராதி அது. அதில் ‘வான்’ பக்கத்தில் எங்கள் வன்னிப் பொருளை எழுதிவிட்டு, கீழே மேற்கோளாக ஒரு குறளைக் கொண்டுபோய் ஒட்டினால் எப்படியிருக்கும்? பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குறள் எங்கள் பொருளுக்குச் சாட்சி சொல்ல வராது. சொல் வந்தால் போதும், பொருள் எதுவானால் என்ன என்ற இந்த அவசரம் எனக்குப் பிடிப்பதில்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனைப் புரட்டிப் பாருங்கள். பொருள்களுக்கு இலக்கமிட்டு, அந்தந்தப் பொருளுக்கு அருகிலேயே நூற்பெயரைச் சுருக்கிப் பாட்டு எண்ணையும் போட்டிருப்பார்கள்.

வரியை எடுக்கிறபோதும் கண் வேண்டும். சீர் பிரித்து அச்சிட்ட பதிப்புகளில் 11ஆம் குறள் ‘வானின் றுலகம்’ என்று தொடங்கும். 20ஆம் குறளின் இரண்டாம் அடியோ ‘வானின் றமையா தொழுக்கு’. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். பிரித்தால் முதலாவது வான் நின்று, மற்றது வான் இன்று. மழை இடையறாமல் நிற்பது ஒன்று, மழையே இல்லாமற் போவது மற்றொன்று. பொருள் நேர் எதிர்! ஆகவே பதிப்பில் உள்ளபடி ஒரு தரமும், சொல் பிரித்து ஒரு தரமும் எழுதுங்கள். இல்லாவிட்டால் தேடுகிறவருக்கு ‘றமையா’ என்ற துண்டுதான் கையில் அகப்படும்.

சரி, எங்கள் வானுக்கும், குளத்து மதகைச் சொல்கிற துருசுக்கும், குளத்து நீர் தொடுகிற ஓரத்தைச் சொல்கிற அலைகரைக்கும் சாட்சியை எங்கே தேடுவது? சங்க இலக்கியத்துக்கு ஓட முதல், இந்த மண்ணில் நடக்கிற கதைகளை வாசிக்க வேண்டும். முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதிய ‘நிலக்கிளி’ 1973இல் வந்தது. வீட்டில் பிரதி இருக்காது. இடம்பெயரும்போது புத்தகத்தை யார் காவினது? 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாக வருடி வைக்கப்பட்டிருக்கின்றன. பக்க எண்ணையும் பதிப்பாண்டையும் அங்கே நேரில் பார்த்து எழுதலாம். முகநூலில் பூப்படத்தின் மேல் எழுதி வருகிற வரிகளை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

பதிப்புரிமை பற்றியும் கேட்பார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. ஆனாலும் ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் சொல்லி ஒரு வசனம் எடுப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. பந்தி பந்தியாக அள்ளுவதுதான் பிழை.

விக்சனரியில் வாக்கியப் பயன்பாடு, இலக்கியப் பயன்பாடு என்று இரண்டு தலைப்புகளைக் காண்பீர்கள். நாங்களே அமைத்த வசனம் முதலாவதற்குரியது. அப்படியென்றால் ஊரில் ஒரு வயோதிபர் பாடின அருவிவெட்டுப் (நெல் அறுவடைப்) பாட்டை எதில் போடுவது? அச்சில் வந்த தொகுப்பில் அந்தப் பாட்டு இருந்தால், பக்க எண்ணோடு தயங்காமல் இலக்கியப் பயன்பாட்டில் போடுங்கள். அச்சில் இல்லையென்றால், எந்த ஊர், எந்த ஆண்டு கேட்டது என்ற விவரத்தோடு அந்தச் சொல்லின் உரையாடல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அச்சுச் சான்று கிடைக்கிற நாளில் வேறொருவர் அதை மேலே ஏற்றிவிடுவார்.

நன்றி, வணக்கம்.