அண்ணனுக்குக் கை, எனக்குக் கண்: இரண்டும் ஒரே நோயா?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியது, மயோடோனிக் டிஸ்ட்ரஃபி என்ற பரம்பரைத் தசை நோய் பற்றி. இதில் இறுகிய தசை சட்டென்று தளராது, பலமும் மெல்லக் குறையும். வாசித்துவிடுகிறேன். "அண்ணனுக்கு மயோடோனிக் டிஸ்ட்ரஃபி, முதல் வகை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு 38 வயதிலேயே கண்புரை ஆபரேஷன் ஆனது, தீராத மலச்சிக்கல் உண்டு, ஆனால் கைகால் நன்றாக இருக்கிறது. இது ஆண்களுக்கு வருவதுதானே?"

இல்லைம்மா. நீங்கள் டுஷேன் என்ற வேறொரு தசை நோயை நினைத்துக் கேட்கிறீர்கள் போல, அது எக்ஸ் குரோமோசோமில் வரும் கோளாறு, பெரும்பாலும் பையன்களைத்தான் பாதிக்கும். உங்கள் அண்ணனுக்கு இருப்பது 19ஆம் குரோமோசோமில் வரும் கோளாறு. அப்பா, அம்மா யாரிடம் இருந்தாலும் ஆண் பெண் பேதமில்லாமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஆனால் வெளியே தெரிகிற விதம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு, குழப்பமே அங்கேதான். ஆண்கள் குழாயைத் திருகி மூடுவார்கள், விரல் உடனே விடாது, மெல்ல மெல்லத்தான் பிரியும், நாலைந்து தடவை கையை மூடித் திறந்தால் கொஞ்சம் சரியாகும். முன்நெற்றி வழுக்கை, முகம் ஒட்டிப்போவது, இதயத் துடிப்பில் கோளாறு, மூச்சுத் திணறல், இதெல்லாம் அவர்களிடம் தூக்கலாகத் தெரியும். பிரான்சில் 1409 பேரை வைத்து 2016இல் வெளியான ஆய்வில், பெண்களிடம் கண்புரை, விழுங்குவதில் சிரமம், வயிற்றுக் கோளாறு, தைராய்டு, உடல் பருமன், சிறுநீர் கசிவு இவைதான் அதிகம் இருந்தன. சரி, இதற்கெல்லாம் யாரிடம் போவோம்? கண்ணுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், தைராய்டுக்கு இன்னொருவர். "கையை இறுக்கி மூடி, சட்டென்று திறங்கள்" என்று அவர்களில் யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு, ஏனென்றால் 38 வயதில் கண்புரை என்றாலே குடும்பத்தில் யாருக்கு என்ன என்று விசாரித்திருக்க வேண்டும்.

கை நன்றாகத் திறக்கிறது என்பதற்காக உங்களுக்கு இல்லை என்று ஆகிவிடாது. நரம்பியல் மருத்துவரைப் பார்த்து மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மரபணுவில் சி-டி-ஜி என்ற எழுத்துக்கோவை 50 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பார்கள். இருப்பது உறுதியானால் தொந்தரவே இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு ஈசிஜி, பெண்களுக்கு இதயம் தப்பித்துவிடும் என்றெல்லாம் இல்லை. அப்புறம், குழந்தை பற்றிய யோசனை இருந்தால் அதற்கு முன்பே மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள். பிறக்கும்போதே கடுமையாக வருகிற வகை பெரும்பாலும் அம்மா வழியாகத்தான் வருகிறது, அந்த அம்மாவுக்கே இருப்பது தெரியாமல்கூட இருக்கலாம்.

இன்னொன்று. இடையில் வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் அண்ணனின் ரிப்போர்ட்டை போனில் வைத்திருந்து, மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். இந்த நோயில் சில மருந்துகளுக்குத் தசை இறுகிவிடும், மூச்சு தடுமாறும்.