ஆல்பத்துக்கு முன்னால் புலப்படம்: பூர்வீகக் காட்டின் நினைவுகளைச் சேர்த்து வைப்பது எப்படி
(பெங்களூருவில் தமிழ்க் குடும்பங்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

அல்சூரிலும் சிவாஜி நகரிலும் குடியிருக்கும் நம்மில் பலருக்குப் பூர்வீகம் என்பது தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் காடு என்று நாம் சொல்லும் இரண்டு மூன்று ஏக்கர் விளைநிலமும் ஒரு கிணறும்தான். அங்கே வளர்ந்த உறவுகளின் நினைவைச் சேர்க்க இறங்குகிறவர்கள் போட்டோ ஆல்பத்தைத்தான் முதலில் எடுக்கிறார்கள். புலப்படத்திலிருந்து, அதாவது நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அரசு அளவை வரைபடத்திலிருந்து, தொடங்குங்கள் என்பேன்.

சர்வே எண் தெரிந்தால் தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் பட்டா, சிட்டாவோடு புலப்படமும் கிடைக்கும். ஏ3 தாளில் பெரிதாக அச்செடுத்து, ஊரில் இருக்கும் அத்தையிடமோ சித்தப்பாவிடமோ பென்சிலோடு கொடுங்கள். ஒவ்வொரு நிலத் துண்டுக்கும் வீட்டில் வழங்கிய பெயரை எழுதட்டும்: புளியமரத்துக் காடு, ஓடைக்காடு, கிணத்து மேடு. இவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சொல்ல ஆள் இருக்கும் வரைதான் கிடைக்கும்.

"அந்தக் காலத்துக் கதை சொல்லுங்க" என்று கேட்டால், "என்னத்தப்பா சொல்றது" என்று முடித்துவிடுவார்கள். "ஓடைக்காட்டுல கேழ்வரகு நட்டது யாரு அத்தை? கவலை ஓட்டினது யாரு?" என்று கேளுங்கள். கவலை என்பது மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைப்பது. சால், வடக்கயிறு, வால்கயிறு என்று அதன் சாமான்களில் தொடங்கி, மாட்டின் பெயர், அதை வாங்கி வந்த சந்தை வரைக்கும் பேச்சு தானாக வரும்.

பழைய பட்டாக்களில் பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்ற திருத்தம் தமிழ்நாட்டில் 1989இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பட்டாவை வைத்து வம்சாவளி எழுதினால் நாற்று நட்டவர்கள், பால் கறந்தவர்கள், கட்டிக்கொடுத்துப் போன பெண்கள், பண்ணையில் வருஷக் கூலிக்கு இருந்தவர்கள் எல்லோரும் விடுபட்டுப் போவார்கள். அவரவர் பாடுபட்ட துண்டின் பக்கத்திலேயே அவரவர் பெயரை எழுதுங்கள். இதில் மட்டும் தயவுசெய்து சுருக்கம் வேண்டாம்.

அடுத்து, காலம். பழைய கிஸ்து (நிலவரி) ரசீதில் இருப்பது பசலி ஆண்டு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டுங்கள்: பசலி 1380 என்றால் 1970 ஜூலை முதல் 1971 ஜூன் வரை. தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 'ஆனந்த வருஷம் கிணறு வெட்டினோம்' என்றால் அது 1914ஆ, 1974ஆ என்பதைச் சொன்னவரின் வயதும் ரசீதும்தான் முடிவு செய்யும்.

குரலைப் பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். அதன் இரைச்சல் பேச்சின் மேல் ஏறினால் பிறகு பிரிப்பது கடினம். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுகிறவரிடமிருந்து ஒரு அடிக்குள் வையுங்கள். யார், என்ன உறவு, எந்த ஊர், என்ன தேதி என்று முதலிலேயே சொல்லிப் பதியுங்கள்.

போட்டோக்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யலாம். பின்பக்கம் எழுத மென்மையான பென்சில்தான். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. பெங்களூரு மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் ஓதம் ஏறும். ஆல்பம் உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும். ரசீதுகளில் இருக்கும் குண்டூசி, கிளிப்பை இன்றே கழற்றுங்கள், துரு காகிதத்தைத் தின்றுவிடும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாகுமெண்டாக அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம். கோப்பின் பெயரில் ஆண்டு, துண்டின் பெயர், ஆளின் பெயர் என்ற வரிசை மாறாமல் இருந்தால், புலப்படத்தில் கை வைத்த இடத்தின் படமும் குரலும் தேடியவுடன் கிடைக்கும்.