எட்டுப் பேர் இல்லாமல் ஆட முடியாத நடனம்

வணக்கம் நண்பர்களே. இன்றைய காணொளியில் குவாட்ரில் என்ற நடனத்தைப் பற்றியும், அதன் உடன்பிறப்பான லான்சர்ஸ் நடனத்தைப் பற்றியும் பேசப்போகிறேன். நான்கு ஜோடிகள் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் நின்று ஆடும் இந்த நடனங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் விருந்து அரங்குகளில் கொடிகட்டிப் பறந்தவை. நான் வசிக்கும் டென்மார்க்கில் மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் பிள்ளைகள், ஒவ்வோர் ஆண்டும் பள்ளி விருந்து நாளில் கோட்டும் நீண்ட கவுனும் அணிந்து, பெற்றோர் சுற்றிலும் நின்று பார்க்க, 1860 வாக்கில் இந்நாட்டுக்கு வந்த லான்சர்ஸை ஆடுகிறார்கள். இங்கே அதை 'லான்சியே' என்று அழைக்கிறார்கள். அதை ஆடுவதற்காக உடற்பயிற்சிப் பாட நேரங்களில் முறையாகப் பயிற்சியும் எடுக்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அந்த வரிசைகளில் நிற்கிறார்கள்.

நாள் முழுவதும் காதில் வேறு இசையை வைத்திருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை இந்தப் பழைய நடனம் எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது? சரவிளக்கும் பட்டாடையும்தான் காரணம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பட்டாடையே இல்லாத சமையலறைகளிலும் மண் முற்றங்களிலும் இந்த நடனம் தழைத்திருக்கிறது என்பதால், காரணத்தை அதன் கட்டமைப்பில்தான் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் நாட்டுப்புற நடனங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சுக்குச் சென்று, அங்கே சதுர வடிவம் பெற்றுக் கோட்டிலியன் என்ற பெயரில் பரவின. அதிலிருந்து, ஐந்து சுற்றுகள் ஒரே வரிசையில் வரும்படி தொகுக்கப்பட்ட குவாட்ரில் உருவானது. 1815 வாக்கில், நெப்போலியனின் போர்கள் முடிந்த சமயத்தில், லண்டனின் உயர்குடியினர் கூடும் ஆல்மாக்ஸ் அரங்கில் ஜெர்சி சீமாட்டி அதை அறிமுகப்படுத்தினார். லான்சர்ஸ் 1817-இல் டப்ளினில் வெளியானது. ஆனால் அது லண்டனையும் பாரிஸையும் ஆட்கொண்டது 1850-களில்தான். தன் கடைசிக் காலத்தில் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் தன் அண்ணன் மகளுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், குவாட்ரில்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, இருந்தாலும் தன் காலத்துக் கோட்டிலியன்களுக்கு அவை ஈடாகாது என்று எழுதினார். இன்று நாம் பழமையின் சின்னமாகப் பார்ப்பதை, அன்று ஒருவர் புதுமோகமாகப் பார்த்திருக்கிறார்.

இப்போது திரையில் நான் வரைந்திருக்கும் சதுரத்தைப் பாருங்கள். மேல் பக்கத்திலும் கீழ்ப் பக்கத்திலும் எதிரெதிரே நிற்கும் இரண்டு ஜோடிகள் தலைப்பக்க ஜோடிகள்; இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் நிற்பவர்கள் பக்கவாட்டு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் பெண் ஆணின் வலப்புறம் நிற்கிறாள். இசை தொடங்கியதும் தலைப்பக்க ஜோடிகள் தங்கள் பங்கை ஆட, பக்கவாட்டு ஜோடிகள் அசையாமல் நின்று பார்க்கின்றன. அவர்கள் ஆடி முடித்த பிறகு, அதே இசை மீண்டும் ஒலிக்க, அதே அசைவுகளைப் பக்கவாட்டு ஜோடிகள் ஆடுகின்றன. நடனம் சரியாகத் தெரியாதவர்கள் பக்கவாட்டில் போய் நிற்க வேண்டும் என்று அக்காலத்து நடனக் கையேடுகள் அறிவுரை கூறின. இந்த அறிவுரையை நான் மிகவும் மதிக்கிறேன். புதியவருக்குத் தனிப் பாடம் எதுவும் வேண்டியதில்லை. அடுத்து அவர் ஆட வேண்டியதை அவர் கண்ணெதிரிலேயே இரண்டு ஜோடிகள் ஆடிக் காட்டிவிடுகின்றன. கற்றுக்கொடுக்கும் வேலையை நடனமே செய்கிறது.

இசையும் அதற்குத் துணை நிற்கிறது. குவாட்ரில் இசை எட்டு எட்டுத் தாள அளவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அசைவு என்று பொருந்தியிருக்கும். மெட்டின் ஒரு வாக்கியம் முடியும்போது உங்கள் அசைவும் முடிந்திருக்க வேண்டும். மெட்டு காதில் ஏறிவிட்டால் எண்ணிக்கை தேவைப்படாது. அன்றைய இசையமைப்பாளர்கள் மக்கள் வாயில் புழங்கிய ஓபராப் பாடல்களை எடுத்துக் குவாட்ரிலாகத் தொகுத்து வெளியிட்டதும் இதற்கு வசதியாக அமைந்தது. ஆட வந்தவருக்கு மெட்டு ஏற்கெனவே பழகியிருந்தது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த நடனத்தின் ஆயுளை நீட்டியது அதுதான் என்று நான் கருதுகிறேன். தொடக்கத்தில் குவாட்ரில் ஆடுவதற்குக் கடினமான அடவுகள் தேவைப்பட்டன. பாலேயிலிருந்து வந்த துள்ளல்களையும் காற்றிலேயே பாதங்களை மாற்றும் நுணுக்கங்களையும் நடன ஆசிரியர்களிடம் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். 1840-கள் வருவதற்குள் அவையெல்லாம் உதிர்ந்து, மக்கள் இசைக்கு ஏற்ப நடந்தே இதை ஆடத் தொடங்கிவிட்டார்கள். நடன ஆசிரியர்கள் அதைச் சீரழிவு என்று நொந்துகொண்டார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடக்கத் தெரிந்தவர் எவரும் ஆடலாம் என்ற நிலை வந்ததால்தான் பாட்டியும் பேரனும் ஒரே சதுரத்தில் நிற்க முடிந்தது. அடவு எளிதாகிவிட்டாலும் அமைப்பின் சிக்கல் அப்படியே இருந்தது. அந்தச் சிக்கல்தான் மனத்தைக் கட்டிப்போடுகிறது.

லான்சர்ஸின் ஐந்தாம் சுற்றில் வரும் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஜோடியை நோக்கித் திரும்பி, வலக்கையைக் கொடுத்து, அவரைக் கடந்து போகிறீர்கள். எதிரே வருபவருக்கு இடக்கை, அதற்கு அடுத்தவருக்கு மீண்டும் வலக்கை என்று, ஆண்கள் நால்வரும் ஒரு திசையிலும் பெண்கள் நால்வரும் எதிர்த் திசையிலும் வட்டமாகச் செல்கிறார்கள். பின்னல் கோலாட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் மாறி மாறிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஓட்டம் உடனே விளங்கும். நான்கு கைகளைக் கடந்ததும், நீங்கள் புறப்பட்ட இடத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில், உங்கள் ஜோடி மறுபடியும் உங்கள் முன்னால் வந்து நிற்கிறார். அங்கே ஒரு கணம் நின்று, தலை தாழ்த்தி வணங்கிவிட்டு, அதே போக்கில் தொடர்ந்தால், இன்னும் நான்கு கைகள் கடந்து இருவரும் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்கிறீர்கள். இதில் ஒருவர் தவறான கையை நீட்டினாலும் சங்கிலி முழுவதும் தடுமாறும். ஆனால் தடுமாறியவரை அடுத்து வருபவர் கையைப் பற்றிச் சரியான திசையில் இழுத்து விட்டுவிடுவார். தவறு செய்தவர் தனியாக அம்பலப்படுவதில்லை. மற்ற ஏழு பேருக்கும் நடனம் முடிந்தாக வேண்டும் என்பதால், அவரைச் சேர்த்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியும் இல்லை. என் பார்வையில் இந்த நடனத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

வால்ட்ஸுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகிறது. வால்ட்ஸும், 1840-களில் வந்த போல்காவும், இரண்டு பேர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு தங்களுக்குள்ளேயே மூழ்கிச் சுழலும் நடனங்கள். அவற்றின் இன்பத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குவாட்ரிலில் நீங்கள் உங்கள் ஜோடியை விட்டுவிட்டுப் போயாக வேண்டும். எதிர்ப் பக்கத்தவரிடம் கை கொடுத்தாக வேண்டும். லான்சர்ஸின் நான்காம் சுற்றில் ஒரு ஜோடி தன் வலப்பக்கத்து ஜோடியிடம் சென்று வணங்கிவிட்டு, பிறகு இடப்பக்கத்து ஜோடியிடமும் சென்று வணங்குகிறது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய் வருவதையே நடனமாக்கியிருக்கிறார்கள். வெட்கப்படும் ஒரு பையன் தன் வகுப்பில் ஒருபோதும் பேசியிராத பெண்ணை, நடனம் சொல்கிறது என்பதற்காக நிமிர்ந்து பார்த்து வணங்குவதை டேனிஷ் பள்ளி விருந்துகளில் காணலாம். பழகுவதற்கு ஒரு முறைமை கையில் கிடைத்துவிட்டால், கூச்சமுள்ளவர்களுக்கு அது பெரிய விடுதலை.

வியன்னாவை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் அதைப் பற்றி எல்லோருமே பேசுகிறார்கள். அங்கே ஓபரா விருந்தில் நள்ளிரவுக் குவாட்ரில் புகழ்பெற்றது. இளைய யோஹான் ஸ்ட்ராஸ் 1874-இல் தன் ஓபரெட்டா ஒன்றின் மெட்டுகளிலிருந்து தொகுத்த குவாட்ரில் வியன்னாவில் பெரிதும் விரும்பப்படுகிறது. நடன ஆசிரியர் ஒலிபெருக்கியில் அடுத்தடுத்த அசைவுகளை அறிவிக்க, நீண்ட வரிசைகளில் நிற்கும் நூற்றுக்கணக்கானவர்களில் பலர் திசை தவறி முட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். கடைசியில் இசை வேகமெடுக்க, எல்லோரும் ஓட்டமும் நடையுமாக முடிக்கிறார்கள். அவ்வளவு கட்டுப்பாடான ஒரு விருந்தில் மக்கள் உண்மையிலேயே மனம் விட்டுச் சிரிக்கும் நேரம் அது.

அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கிளேர் மாவட்டத்தைப் பற்றி விரிவாகப் பேசவே நான் விரும்புகிறேன். ஊர் ஊராகச் சென்ற நடன ஆசிரியர்கள் வழியாகவும், போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் வழியாகவும் குவாட்ரில் அங்குள்ள குடியானவர்களின் வீடுகளுக்குள் நுழைந்தது. அரங்கத்து மெட்டுகளைக் களைந்துவிட்டு, தங்கள் ரீல், ஜிக் மெட்டுகளுக்கு அதை ஆடினார்கள். நடந்து ஆடியதைக் காலால் தரையை அதிரவைத்து ஆடினார்கள். ஆடுமிடம் சமையலறை, தரையில் பாவிய கல் பலகைகள், சுவரோரம் தட்டுகளும் கிண்ணங்களும் அடுக்கிய உயரமான அலமாரி. ஆடுபவர்களை ஊக்குவிக்க எழும் குரல் இன்றும் பழமொழி போல நிலைத்திருக்கிறது: 'வீட்டைச் சுற்றி வா, அலமாரியைப் பார்த்து வா!' நான்கு ஜோடிகள் ஒரு சிறிய அறையில் முழு வேகத்தில் சுழலும்போது, பீங்கான் உடையாமல் இருப்பதும் நடனத் திறமையின் ஒரு பகுதிதான்.

இந்த வீட்டு நடனத்துக்கு எதிர்ப்பு உள்ளிருந்தே வந்தது. 1893-இல் தொடங்கப்பட்ட கேலிக் லீக், ஐரிஷ் பண்பாட்டை மீட்கும் முனைப்பில், இவை அந்நிய நடனங்கள் என்று ஒதுக்கி வைத்தது. பிறகு 1935-ஆம் ஆண்டின் நடன அரங்குச் சட்டம், பொது நடனங்களுக்கு உரிமம் கட்டாயம் என்றாக்கியதில், வீடுகளில் கூடி ஆடும் வழக்கமும் அடிபட்டது. தேசப்பற்றுள்ளவர்களே தங்கள் பாட்டன் பாட்டிமார் ஆடியதை அந்நியம் என்று தள்ளியது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. மூன்று நான்கு தலைமுறைகள் ஒரு நடனத்தில் தங்கள் கால்களைப் பதித்த பிறகு, அது எங்கிருந்து வந்தது என்பதைவிட அதை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். நல்ல வேளையாகக் கிளேரின் முதியவர்கள் மறக்கவில்லை. 1973-இல் மில்டவுன் மல்பே என்ற சிற்றூரில் தொடங்கிய கோடைக்கால இசைப் பள்ளியில், 1980-களில் இந்த நடனங்களுக்கு வகுப்புகள் வைத்தார்கள். அங்கிருந்து நாடு முழுவதும் அது மீண்டும் பரவியது. இன்று கலிடோனியன் செட், லான்சர்ஸ் செட் என்ற பழைய பெயர்களோடேயே அவை ஆடப்படுகின்றன.

கரீபியத் தீவுகளில் கதை இன்னும் கனமானது. அங்கே கரும்புத் தோட்ட முதலாளிகளின் விருந்துகளில் இசைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். அந்த அரங்குகளின் பளபளப்பு யாருடைய உழைப்பில் எழுந்தது என்பதைச் சொல்லாமல் இந்த நடனத்தின் அழகை மட்டும் பேசுவது நேர்மையாகாது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகும் குவாட்ரில் அம்மக்களிடம் தங்கிவிட்டது. ஆனால் அவர்கள் கையில் அது வேறு ஒன்றாக மாறியது. குவாதலூப்பில் அக்கார்டியன், மேளம், முக்கோணம், வரிகள் வெட்டிய மூங்கிலைச் சுரண்டி ஒலியெழுப்பும் கருவி ஆகியவற்றின் மீது, நடனத்தை நடத்துபவர் தாளத்தோடு தாளமாக அசைவுகளைச் சொல்லிக்கொண்டே போகிறார். அவர் குரலே ஓர் இசைக்கருவியாகிவிடுகிறது. செயின்ட் லூசியாவிலும் இந்த நடனம் போற்றப்படுகிறது. சுற்றுகளைத் தவறில்லாமல் ஆடுபவருக்கு ஊரில் தனி மதிப்பு உண்டு.

நமக்கு மிக அருகிலும் இது வாழ்கிறது. இலங்கையின் மட்டக்களப்பில் உள்ள போர்த்துக்கீசப் பறங்கியர் சமூகம், வீட்டில் தங்கள் கிரியோல் மொழியையும் வெளியே நம்மைப் போலத் தமிழையும் பேசுகிற சமூகம். அவர்களின் கல்யாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா என்ற அவர்களின் பழைய நடனத்தோடு லான்சர்ஸும் ஆடப்படுகிறது. போர்த்துக்கீசர் 1658-இல் இலங்கையை விட்டுப் போனார்கள். லான்சர்ஸ் தோன்றியதே அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர். ஆகவே ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வந்த ஒரு நடனத்தை, அதைவிட மிகப் பழைய மரபொன்றின் பக்கத்தில் வைத்துத் தங்கள் கல்யாணத்துக்கு உரியதாக்கிக்கொண்டார்கள். வயலின் இசைக்க, நான்கு ஜோடிகள் எதிரெதிரே நிற்கும் அந்தச் சதுரமும், இங்கே ஆர்ஹூஸில் பள்ளிப் பிள்ளைகள் நிற்கும் சதுரமும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. ஐரோப்பிய நடன வரலாற்றைப் பேசுபவர்கள் வியன்னாவுக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு பங்கையாவது மட்டக்களப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.

மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ பறங்கியர் கல்யாணங்களுக்குப் போய் இந்த நடனத்தைப் பார்த்தவர்கள், அல்லது ஆடியவர்கள், இந்தக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே சங்கிலிச் சுற்று எப்படி வருகிறது, நடுவில் ஜோடிகள் சந்திக்கும்போது வணங்குகிறார்களா, நடனத்தை நடத்துபவர் எந்த மொழியில் சொல்கிறார் என்பதையெல்லாம் எனக்கு எழுதுங்கள். அடுத்த காணொளியில் டேனிஷ் முறையின் ஐந்து சுற்றுகளையும் எட்டுப் பேரை வைத்து மெதுவாக ஆடிக் காட்டப்போகிறோம். உங்கள் குறிப்புகள் வந்தால் மட்டக்களப்பு முறையையும் அதன் பக்கத்திலேயே வைத்து ஆடிப் பார்க்கலாம்.