விடிய ஊதும் மூச்சு

வணக்கம் நேயர்களே. நான் சிட்னியில் கராஜ் ஒன்றில் வாகன மின்வேலை செய்பவன். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர்களின் கார்களில் பூட்டுகிற கருவி ஒன்று, 'இன்ரர்லொக்'. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஊதினால்தான் கார் ஸ்டார்ட் ஆகும். மூச்சில் மது இருந்தால் சாவியை எத்தனை தரம் திருப்பினாலும் அசையாது. மூச்சோடு வரும் மதுவால் உள்ளே ஒரு மெல்லிய மின்னோட்டம் உண்டாகும். மது கூடினால் அதுவும் கூடும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2015 பெப்ரவரி 1ஆம் திகதி இது கட்டாயமாக வந்தது. இரத்தத்தில் மதுவின் அளவு, அதாவது 100 மில்லி இரத்தத்தில் எத்தனை கிராம் என்பது, 0.15உம் அதற்கு மேலும் காட்டியவர்களுக்கும், திரும்பவும் பிடிபட்டவர்களுக்கும்தான் முதலில். 2018 டிசம்பரிலிருந்து, 0.08உம் அதற்கு மேலும் காட்டி முதல் தடவை பிடிபட்டவருக்கும் உண்டு. மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு உள்ள 0.05 எல்லை இவர்களுக்கு இல்லை. பூச்சியம்தான்.

ஒரு திங்கட்கிழமை விடிய ஆறரைக்குத் தம்பி ஒருவர் போன் எடுத்தார். "அண்ணை, மெசின் பிழைச்சுப் போச்சு. நான் விடிய தேத்தண்ணி மட்டும்தான் குடிச்சனான். கார் ஸ்டார்ட் ஆகுதில்லை." வேலைக்குப் பிந்துகிறது, குரல் நடுங்குகிறது. இரவு என்ன நடந்தது என்று கேட்டேன். பிறந்தநாள் விழாவாம். ஒன்பது மணிக்குத் தொடங்கி இரவு ஒரு மணி வரை இருந்திருக்கிறார். "ஆறு தரம்தான் ஊத்தினது அண்ணை."

அந்த ஆறைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இங்கே ஒரு அளவு என்றால் 30 மில்லி விஸ்கி. எங்கள் வீடுகளில் யார் 30 மில்லி ஊற்றுகிறார்கள்? விருந்தாளிக்குக் குறைத்து ஊற்றினால் மரியாதை இல்லை என்று நினைப்பவர்கள் நாங்கள். 60 என்றே வையுங்கள். ஆறு தரம் பன்னிரண்டு அளவாகிவிடும். ஒரு அளவு கழிய உடம்புக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் வேண்டும். ஒன்பது மணியிலிருந்து எண்ணினாலும் மறுநாள் காலை ஒன்பது ஆகும். தம்பி ஊதியது ஆறரைக்கு. கோப்பியோ, பச்சைத்தண்ணி முழுக்கோ, தேசிக்காய்த் தண்ணியோ அதைக் கெதிப்படுத்தாது. நித்திரை கொண்டு எழும்பினால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறோம். போகவில்லை, நேயர்களே. மெசின் பிழைக்கவில்லை. அந்தக் கருவி இல்லாவிட்டால் தம்பி அப்படியே மோட்டர்வேயில் ஏறியிருப்பார், தான் குடிக்காதவன் என்ற முழு நம்பிக்கையோடு. பிடிபடாத எத்தனை பேர் அப்படி ஏறுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பயம்.

இன்னொன்று. அந்தக் காரை மனைவி ஓட்டினாலும் ஊதத்தான் வேண்டும். ஒரு குற்றமும் செய்யாத அந்தப் பெண், பள்ளிக்கூட வாசலில், மற்றத் தாய்மார் பார்க்க ஊதுகிறாள். அவளை யாரும் குத்திக் கதைக்கவேண்டாம். தயவுசெய்து பிள்ளையைப் பிடித்து ஊதவிடவும் வேண்டாம். கருவியில் கமரா இருக்கிறது, ஊதுபவரைப் படம் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதும் இடையிடையே ஊதச் சொல்லிக் கேட்கும். அதற்காக எஞ்சின் நடுவீதியில் நிற்காது, பயப்படவேண்டாம். எல்லாம் பதிவாகும். வாய் கொப்பளிக்கும் மருந்துகள் சிலவற்றில் மது உண்டு. ஊதமுன் பச்சைத்தண்ணியில் கொப்பளித்துக் கொஞ்சம் பொறுங்கள்.

நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அங்கால் கை காட்டுகிறார்கள். செலவு பற்றியும் சொல்ல இருந்தேன். ஓட்டுநர்தான் கட்டவேண்டும், வருமானம் குறைந்தவர்களுக்குக் கழிவு உண்டு, கட்டாயம் கேளுங்கள். வெட்கப்பட்டுக் கருவி பூட்டாமல் இருந்தால் ஐந்து வருடம் ஓட்ட முடியாது. பூட்டமுன் வைத்தியர் ஒருவரோடு கதைத்துச் சான்றிதழ் எடுக்கவேண்டும், தமிழ் வைத்தியரிடமும் போகலாம். நன்றி, வணக்கம்.