அறுவை மேசை யாருடைய உயரத்துக்கு? பயிற்சி அறுவை மருத்துவர்களின் உடல் வலி

(காட்சி: அறுவை அரங்கு. மேசையின் இருபுறமும் உயரத்தில் மாறுபட்ட இருவர்.)

அறுவை மேசையின் உயரம் பெரும்பாலும் மூத்த மருத்துவரின் வசதிக்கேற்பவே அமைக்கப்படுகிறது. எதிர்ப்புறம் நிற்கும் பயிற்சி மருத்துவர் அவரைவிடக் குட்டையானவர் என்றால் தோள்களை உயர்த்திக்கொள்கிறார். நெட்டையானவர் என்றால் முதுகை வளைத்துக்கொள்கிறார். மணிக்கணக்கில் அப்படி நின்றாலும் அவர் வாய் திறப்பதில்லை. வெட்டிய இடத்தை விலக்கி வைக்கும் ரிட்ராக்டர் கருவியை அசையாமல் பிடிப்பதுதான் தம் வேலை என்றும், மேசையை ஏற்றவோ இறக்கவோ சொல்லும் இடத்தில் தாம் இல்லை என்றும் அவர் கருதுகிறார்.

(காட்சி: கழுத்து, தோள் தசைகளின் வரைபடம்.)

அசைவின்றி ஒரே நிலையில் இறுகி நிற்கும் தசையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அழுத்தப்படுவதால், அத்தசைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் களைப்பும் வலியும் தோன்றுகின்றன. நடப்பவரைவிட நிற்பவர் விரைவில் சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம். தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. கழுத்து முன்னோக்கிக் குனியக் குனிய, அதைத் தாங்கும் பின்கழுத்துத் தசைகளின் சுமை பலமடங்கு கூடுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியான லூப்பின் சாய்வுக் கோணம் அணிபவருக்குப் பொருந்தாவிட்டால், அறுவை முடியும் வரை அந்தக் குனிவு மாறாது.

(காட்சி: லேப்ராஸ்கோபிக் கருவி, வயிற்றுச் சுவரில் ஊன்றிய ட்ரோகார் என்னும் குழாய்.)

வயிற்றில் இட்ட சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, மானிட்டரைப் பார்த்தபடி செய்யும் லேப்ராஸ்கோபி அறுவை நோயாளியின் வலியைக் குறைத்தது. மருத்துவருக்கோ புதிய சுமையைத் தந்தது. வயிற்றுச் சுவரே கருவியின் சுழல்புள்ளி ஆவதால், கை இடப்புறம் நகர்ந்தால் கருவியின் நுனி வலப்புறம் போகிறது. கருவிகள் நீளமானவை என்பதால், திறந்த அறுவைக்குப் பொருத்தமான மேசை உயரம் இங்கே கைகளை மார்பளவுக்குத் தூக்கிவிடுகிறது. கைப்பிடிகளும் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வருகின்றன. சிறிய கையுறை அணிபவர், அவர்களில் பலர் பெண்கள், அதே பிடியை இயக்கக் கூடுதல் விசை செலுத்த வேண்டியிருக்கிறது. லேப்ராஸ்கோபி செய்யும் 317 அறுவை மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் உடல் வலியோ பிற உபாதையோ இருப்பதாகத் தெரிவித்தனர்.

(காட்சி: பக்கவாட்டுத் தோற்றம். முழங்கை, மேசை, மானிட்டர்.)

திறந்த அறுவையில் வேலை நடக்கும் இடம் முழங்கை மட்டத்தையொட்டி இருக்க வேண்டும். லேப்ராஸ்கோபியில் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டியது கருவியின் கைப்பிடி. அதற்காக மேசையை நன்றாக, தரையிலிருந்து ஏறத்தாழ 64 முதல் 77 செ.மீ. வரை, தாழ்த்த வேண்டியிருக்கும். மானிட்டர் நேர் எதிரே, கண்மட்டத்திற்கு 10 முதல் 25 பாகை கீழே அமைவது நல்லது. கேமரா பிடிக்கும் பயிற்சி மருத்துவருக்கு இது அரிதாகவே வாய்க்கிறது. மானிட்டர் மூத்தவரைப் பார்த்தே நிற்பதால், பயிற்சி மருத்துவர் கழுத்தைத் திருப்பியபடியே நிற்கிறார். இருவர் உயரமும் வெகுவாக மாறுபட்டால், உயரமானவருக்கு ஏற்ப மேசையை அமைத்து மற்றவருக்குப் படிமேடை தருவதே முறை. அந்த மேடை இரு கால்களையும் சமமாக ஊன்றும் அளவு அகலமாக இருக்க வேண்டும்; மின்கருவிகளுக்கான கால்மிதியை இயக்குபவர் மேடையில் நிற்பவரே என்றால் அதையும் மேடையின் மேலேயே வைக்க வேண்டும்.

(காட்சி: பயிற்சிப் பெட்டியில் தையல் பழகுபவர்.)

இவற்றை ஒருமுறை விரிவுரையாகச் சொல்லிவிட்டு நகர்வதால் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து. உடலை எப்படி வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது ஒரு பழக்கம். அது உருவாவது, லேப்ராஸ்கோபி பழகுவதற்கான பயிற்சிப் பெட்டியின் முன்னால். அந்தப் பெட்டியைச் சாதாரண எழுதுமேசை மீது வைத்து, தோள் தூக்கிய நிலையில் முடிச்சுப் போடக் கற்றவர், அறுவை அரங்கிலும் அப்படியே நிற்பார். ஆகவே முடிச்சின் தரத்தோடு நிற்கும் விதமும் மதிப்பிடப்பட வேண்டும். பக்கவாட்டில் பதிவு செய்த சிறு காணொளியும், கழுத்து, முதுகு, கைகள் இருக்கும் நிலைக்கு மதிப்பெண் தரும், 1993இல் வெளியான ரூலா (RULA) என்னும் மதிப்பீட்டுத் தாளும் இதற்குப் போதும்.

இடைவேளையைப் பற்றிய தயக்கமும் தேவையற்றது. ஜெர்மனியின் ஹனோவரில் குழந்தைகளுக்கான லேப்ராஸ்கோபி அறுவைகளில், அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் நிறுத்திப் பார்த்தார்கள். மருத்துவர்களின் மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. மொத்த அறுவை நேரம் நீளவில்லை. 2011இல் இந்த முடிவுகள் வெளியாயின.

(காட்சி: அறுவைக்கு முந்தைய சரிபார்ப்பு.)

அறுவை தொடங்கும் முன் நோயாளியின் பெயரையும் அறுவை செய்யும் இடத்தையும் குழு உரக்கச் சரிபார்க்கிறது. மேசை, மானிட்டர், கால்மிதி ஆகியவை அனைவருக்கும் பொருந்துகின்றனவா என்ற கேள்வியையும் அப்போதே கேட்டுவிடலாம். அதைக் கேட்க வேண்டியவர் மூத்த மருத்துவர். பயிற்சியில் இருப்பவர் தாமாகக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டால், பெரும்பாலும் அது கேட்கப்படாமலே போகும்.