திங்க்பேட் டி480: ரேம் ஏத்துறது எப்படி?

[மேசை மேல் மூடிய லேப்டாப்]

வணக்கம். இது 2018-ல வந்த லெனோவோ திங்க்பேட் டி480. செகண்ட் ஹேண்ட்ல இன்னைக்கும் கிடைக்குற மெஷின். 8 ஜிபி ரேமை, அதாவது ஓடுற வேலையைத் தாங்குற தற்காலிக மெமரியை வச்சுக்கிட்டு, பிரவுசர்ல இருபது டேப் திறந்தா மூச்சு வாங்கும். அதுக்காக ஓரங்கட்டிடாதீங்க, இதுல இன்னும் தெம்பு இருக்கு.

[திரையில் டாஸ்க் மேனேஜர்]

காசை எடுக்குறதுக்கு முன்னாடி கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. பெர்ஃபாமன்ஸ், அதுல மெமரி. 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2'ன்னு காட்டினா ஒரு ஸ்லாட், அதாவது ரேம் சொருகுற இடம், காலி. மாடல் பேரையும் எழுத்து விடாம படிங்க. டி480-ல ரெண்டு ஸ்லாட். பின்னாடி ஒரு 'எஸ்' ஒட்டிக்கிட்டு டி480எஸ் ஆயிட்டா, ஒரு பங்கு ரேம் போர்டுலயே பத்த வச்சு சால்டர் ஆகியிருக்கும், கழட்ட முடியாது, ஸ்லாட் ஒண்ணே ஒண்ணுதான். இது தெரியாம ஜோடியா வாங்கினா ஒண்ணு வீண்.

கடையில 'லேப்டாப் டிடிஆர்4'ன்னு கேளுங்க, இதுக்குச் சேருற ரேம் வகை அதுதான். 3200 வேகத்துல கிடைச்சாலும் வாங்கலாம், இதுல 2400-லதான் ஓடும். ஏற்கெனவே 8 இருந்தா இன்னொரு 8 போடுங்க. ரெண்டும் ஜோடியா டூயல் சேனல்ல, அதாவது ஒரே நேரத்துல ரெண்டு பாதையில ஓடும். தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத மாடல்ல திரைக்கும் இதே ரேம்தான், அதனால வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இப்ப ரொம்ப கவனம். இந்த மாடலுக்கு ரெண்டு பேட்டரி. வெளியே இருக்குறதைக் கழட்டினாலும் உள்ளே ஒண்ணு கரண்ட் கொடுத்துக்கிட்டே இருக்கும். ஆன் பண்ணும்போது எஃப்1 அழுத்தினா செட்டப் மெனு வரும். அதுல கான்ஃபிக், பவர், 'டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி'ன்னு போனா உள் பேட்டரி அணையும். சார்ஜரைப் பிடுங்கிட்டுத்தான் இதைச் செய்யணும். அப்புறம் வெளி பேட்டரியைக் கழட்டிட்டு, அடி மூடியின் ஸ்க்ரூக்களைத் தளர்த்துங்க. இவை மூடியோடயே நிக்கும், தொலையாது.

[ஸ்லாட் மிக அருகில்]

ரேம் ஸ்டிக்கை ஓரத்துல பிடிங்க, தங்க நிறப் பின்கள்ல விரல் படக்கூடாது. பின்களுக்கு நடுவுல இருக்குற வெட்டு எந்தப் பக்கம்னு பார்த்து, சாய்வா, தங்கக் கோடு மறையுற வரைக்கும் உள்ளே தள்ளுங்க. இப்ப மெல்லக் கீழே அமுக்குங்க. ரெண்டு பக்கமும் கிளிப் 'டிக்'னு பிடிக்கும். அந்தச் சத்தம் வரலைன்னா எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க.

மூடியையும் வெளி பேட்டரியையும் போட்டு, சார்ஜரைச் சொருகினா உள் பேட்டரியும் முழிச்சுக்கும். முதல் தடவை திரை கொஞ்ச நேரம் இருட்டாவே இருக்கலாம். பயந்து பட்டனை அமுக்காதீங்க, புது ரேமை மெஷின் பழகிக்கிட்டிருக்கு.

[திரையில்: 2 ஆஃப் 2]